டுவேன் சொன்ன ஆமென்

நன்றி சொல்லும் ஞாயிறன்று எங்கள் சபையில் ஆளுக்கு மூன்று சோளமணி கொடுப்பார்கள். கூடை நம்மிடம் வரும்போது ஒவ்வொன்றாகப் போட்டு, கர்த்தர் செய்த நன்மைக்கு வாய்விட்டு ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும். சபை ஆமென் சொல்லும். இந்த வருஷம் நான் போனது பழி தீர்க்க.

ஏப்ரலில் கன்சாஸ் பக்கம் எல்லாரும் மேய்ச்சல் நிலத்துக்குத் தீ வைப்போம். பழைய புல் கருகினால்தான் புதுப்புல் வரும். காற்றடிக்கும் நாளில் மட்டும் எவனும் வைக்க மாட்டான். பக்கத்து நிலத்துக்காரர் டுவேன் வைத்தார். தீ வேலி தாண்டிப் போய் ஓப்பல் அக்காவின் தொழுவத்தை எரித்தது. ஏழு மாடுகள் உள்ளேயே செத்தன. அன்று என் புருஷன் லாயிட் வேலியோரம் வெல்டிங் செய்துகொண்டிருந்தார். பொறி அங்கிருந்துதான் பறந்தது என்றார் டுவேன். அவர் சபை மூப்பர். லாயிட் வாயில்லாத மனுஷன். ஊர் யாரை நம்பும்? டுவேன் தீ மூட்டும் டப்பாவோடு போனதைச் சமையலறை ஜன்னல் வழியாக நான் பார்த்தேன். சொல்லியும் பார்த்தேன். பெண்டாட்டி வேறென்ன சொல்வாள் என்றார்கள்.

லாயிட் கோயிலுக்கு வந்து ஏழு மாதமாகிறது. கடைத்தெருவுக்குக்கூடப் போவதில்லை. டுவேனோ வாரம் தவறாமல், சகோதரர் லாயிடின் கல்லான இருதயத்தை உடைத்தருளும் என்று உருகி ஜெபிப்பார். 

அவரிடம் ஒரு பழக்கம். யார் ஜெபித்தாலும் முதல் ஆமென் அவருடையதுதான். "நீர் உண்மையுள்ளவர்" என்ற வார்த்தை விழுந்தால் போதும், கணீரென்று வந்துவிடும். அதற்கு முன்னால் சொன்னது காதில் ஏறியதா என்பது வேறு விஷயம். நான் அதை நம்பித்தான் போனேன்.

கூடையைத் தூக்கி வந்ததும் அவரே. முதல் மணிக்கு, லாயிட் உயிரோடு இருப்பதற்கு ஸ்தோத்திரம் சொன்னேன். அது நிஜமான நன்றி. வீட்டுத் துப்பாக்கியை நான் ஒளித்து வைத்திருந்த நாட்கள் உண்டு.

டுவேன் அடுத்த பெஞ்சுக்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது மணியைப் போட்டேன். கண்ணை மூடவில்லை.

"ஆண்டவரே, ஓப்பல் அக்கா தொழுவத்தை எரிச்ச தீயை வெச்ச கை எதுன்னு நீர் பாத்தீர், ஸ்தோத்திரம். அந்தக் கைதான் இப்ப கூடையப் பிடிச்சிருக்கு. அவர் வாயாலயே அதைச் சொல்ல வைப்பீர்னு நம்புறேன். நீர் உண்மையுள்ளவர்."

"ஆமென்," என்றார் டுவேன்.

வேறு யாரும் சொல்லவில்லை. அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. பின் பெஞ்சிலிருந்து ஓப்பல் அக்கா எழுந்தார்.

"ஆமென் சொல்லிட்டீங்க டுவேன். இனி ஆண்டவர் முன்னாடி இல்லைன்னு சொல்லுவீங்களா?"

டுவேன் போதகரைப் பார்த்தார். போதகர் வேதப் புத்தகத்தைப் பார்த்தார்.

"காத்து இருக்குன்னு தெரியும்," என்றார் டுவேன். "சீக்கிரம் முடிச்சிடலாம்னு நெனச்சேன்."

எனக்கு இனித்தது. பொய் சொல்ல மாட்டேன்.

போதகர் ஓடி வந்து, டுவேனை மன்னித்ததாகச் சொல்லி மூன்றாவது மணியைப் போட்டுவிடும்படி கெஞ்சினார். நான் டுவேனைத்தான் பார்த்தேன்.

"இது லாயிடோடது. கூடைய எங்க வீட்டு வாசலுக்குத் தூக்கிட்டு வாங்க. இப்ப சொன்னதை அவர் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. போடுறதா வேண்டாமான்னு அவர் முடிவு பண்ணட்டும்."