காலாவதியான முகம்

திங்கட்கிழமையோடு என் முகம் காலாவதியாகிவிட்டது. மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். எனக்கு அது மறந்துபோயிருந்தது.

பம்ப்செட் கம்பெனியின் வாசலில் காவலாளி நாச்சிமுத்து என்னை நிறுத்தினார். பத்தொன்பது வருடமாக எனக்குச் சல்யூட் அடித்த மனிதர்.

"உள்ள போகக் கூடாதுங்க."

"நான் டெஸ்டிங் மேனேஜர், நாச்சிமுத்து."

"இருப்பீங்க. மொகம் செல்லாதுங்களே."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கிழிந்த நோட்டைத் திருப்பிக் கொடுக்கும் கண்டக்டர் மாதிரி சொன்னார். என் கழுத்தில் ஒரு பார்வையாளர் அட்டையை மாட்டிவிட்டார். ஐந்து மணிக்குள் புதுப்பித்தால் உண்டு. இல்லாவிட்டால் என் நாற்காலி வேறொருவருக்கு. அந்த வேறொருவர் ஏற்கெனவே காவலாளி அறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு முகம் நன்றாகவே இருந்தது. நான் வாட்சைப் பார்த்துக்கொண்டே உள்ளே நடந்தேன்.

பணியாளர் பிரிவு வராந்தாவின் கடைசியில் இருக்கிறது. வேகமாக நடந்தால் வராந்தா நீளும். யாரையாவது அதட்டினால் இன்னும் நீளும். நான் வழியில் இரண்டு பேரை அதட்டிவிட்டேன். போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டரை.

அங்கே லீலாவதி என்ற கிளார்க் எனக்கு ஒரு ஃபாரம் கொடுத்தார்.

"உங்களுக்குக் கீழ வேலை செய்யறவங்க மூணு பேரு, உங்க மொகம் எப்படியிருக்கும்னு சொல்லோணும். எழுதி வாங்கிட்டு வாங்க."

"என்கிட்ட போட்டோ இருக்கு."

"அதுல நீங்க போட்டோவுக்கு நிக்கறீங்க."

"அப்ப என் சம்சாரத்தைக் கேளுங்க. இருபத்தஞ்சு வருசமா பார்க்கறா."

"அது வீட்டு மொகமுங்க. அதுக்கு ஆபீசு வேற."

நான் சிரித்தேன். எனக்கா இது கஷ்டம்? மற்ற மேனேஜர்களுக்கெல்லாம் தன்னைத் தான் அறிவது எப்படி என்று போன வருடம் இரண்டு நாள் வகுப்பு எடுத்தவன் நான். முடிவில் சால்வைகூடப் போட்டார்கள். இதை லீலாவதியிடம் சொன்னேன்.

"ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, கழனிப் பானையில விழுமாம் துள்ளி," என்று அவர் ஃபாரத்துக்கு முத்திரை குத்திக்கொண்டே சொன்னார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

அவசரத்தில் வராந்தா மறுபடியும் நீண்டது. டெஸ்டிங் ஹாலின் கதவைத் திறந்தபோது மணி மூன்றரை. உள்ளே முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது.

என் பிரிவின் பதினோரு பேரும் அதில் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிபன் கேரியர்கள் மிதந்தன. அவை ஓடிப்போகாமல் இருக்கக் கயிறு கட்டியிருந்தார்கள். நெடுநாள் பழக்கம் உள்ள முடிச்சுகள். ஃபோர்மேன் திருமூர்த்தி என் கழுத்து அட்டையைப் பார்த்துவிட்டு வந்தார்.

"வாங்க. பார்த்து வாங்க, வழுக்குமுங்க."

"என்ன திருமூர்த்தி இது?"

"ஏழாம் நம்பர் வால்வு கசியுதுங்க."

"எப்ப இருந்து?"

"நாலு வருசமாச்சுங்க."

"நான் தினமும் ரெண்டு தடவை வர்றேன். ஒரு சொட்டு பார்த்ததில்லையே."

"மேனேஜரு வந்தா வத்திருமுங்க. அவரு கண்ணுக்கு மட்டும். எங்களுக்கு அப்படியேதான் இருக்கும்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

திருமூர்த்தி யோசித்தார்.

"நீங்க வந்து, எல்லாம் நல்லாருக்குதான்னு கேப்பீங்க. நல்லாருக்குதுங்கன்னு சொல்லுவோம். வேற எதுவும் நீங்க கேட்டதில்லீங்களே."

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அதைக் காட்ட இடமில்லை. கழுத்தில் பார்வையாளர் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

"வால்வை மூட வேண்டியதுதானே?"

"மேனேஜர் கையெழுத்து வேணுமுங்க. சீட்டெல்லாம் எழுதி வெச்சாச்சு. அவரு கண்ணால பாக்காம எதுலயும் கையெழுத்துப் போடமாட்டாருங்க."

அது உண்மைதான். அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

"சாயங்காலம் மேனேஜரா வந்ததும் எனக்கு மொத வேலை அதுதான்."

"போன தடவையும் அப்படித்தானுங்க சொன்னீங்க. அப்ப கணுக்கால் வரைக்குந்தான் இருந்துது."

போன தடவை எனக்கு நினைவில்லை. எவ்வளவு முயன்றும் வரவில்லை. கால் விரல்கள் ஷூவுக்குள் சில்லிட்டன. எனக்குப் பயமாக இருந்தது.

ஃபாரத்தை நீட்டினேன். திருமூர்த்தி நிதானமாக எழுதினார். பழுப்பு நிற பெல்ட், தீபாவளிக்குப் பிறகு ஓர் ஓட்டை தள்ளிப் போடுகிறார்.

"முகத்தைக் கேட்டேன், திருமூர்த்தி."

"எனக்குத் தெரிஞ்ச மொகம் அதுதானுங்க."

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் கம்பெனியில் மேலே இருப்பவரோடு பேசும்போது தரையைப் பார்ப்பதுதான் வழக்கம். நானும் அப்படி வளர்ந்தவன்தான். என் பழைய மேனேஜர் இறந்தபோது மாலையோடு போனேன். கிடத்தியிருந்தவரை அடையாளம் தெரியவில்லை. தெரு மாறி வந்துவிட்டேன் என்று நினைத்து மாலையோடு திரும்பி வந்தேன்.

அடுத்தவர் ஆறுக்குட்டி. மோட்டாருக்கு வயர் சுற்றுபவர். அவருக்கு என் பேனாதான் தெரியும்.

"மேசையில நாலு வாட்டி டக்கு டக்குன்னா லீவு இல்லீங்க. ரெண்டு வாட்டின்னா, யோசிச்சுச் சொல்றேன்னு அர்த்தம்."

"யோசிச்சுச் சொன்னேனா?"

"அதுக்குள்ள கலியாணம் முடிஞ்சிருச்சுங்க."

"யார் கலியாணம்?"

"எம்பொண்ணு கலியாணமுங்க."

அவர் குறையாகச் சொல்லவில்லை. தகவலாகச் சொன்னார். ஃபாரத்தை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டேன். தண்ணீர் தொடைக்கு ஏறியிருந்தது.

ஃபாரத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு விதி இருந்தது. மூன்று பதில்களில் ஒன்றாவது கழுத்துக்கு மேலே உள்ளதைப் பற்றி இருக்க வேண்டும். மணி நாலரை. பிரிவிலேயே குள்ளமான தனபாக்கியம் அருகில் நின்று மீட்டர் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தண்ணீர் இடுப்பைத் தாண்டியிருந்தது.

"என் முகத்தைப் பாரும்மா."

"பாக்கலாமுங்களா?"

"பாரு."

நிமிர்ந்தாள். பதினோரு வருடமாக என் பிரிவில் இருக்கிறாள். இடது புருவத்தில் ஒரு தழும்பு இருப்பதை அன்றுதான் பார்த்தேன். நான் முகத்தைச் சரிப்படுத்திக்கொண்டேன். கண்டிப்பும் வேண்டும், நியாயமும் தெரிய வேண்டும். அவள் சாவகாசமாகப் பார்த்தாள்.

"பயந்த மொகமுங்க."

"சரியாப் பாரு. கண்டிப்பான முகமா இருக்கும்."

மறுபடியும் பார்த்தாள்.

"இல்லீங்க, பயந்த மொகந்தான். எங்கண்ணனுக்கு வேலை போன அன்னைக்கு அது மூஞ்சி இப்படித்தானுங்க இருந்துது."

எனக்கு அவமானமாக இருந்தது. அவள் சொன்னது சரியாக இருந்ததால் கூடுதல் அவமானம். ஐந்து மணிக்கு நாற்காலி போய்விடுமே என்று காலையிலிருந்து பயந்துகொண்டுதான் இருந்தேன். யோசித்துப் பார்த்தால் காலையிலிருந்து இல்லை. பத்தொன்பது வருடமாக. அவள் எழுதினாள். மை உடனே காய்ந்தது.

"சாயங்காலம் ஞாபகமிருக்குமுங்களா?" என்று கேட்டாள்.

"இருக்கும்."

"எனக்கு நீச்சல் தெரியாதுங்க."

"ஏழாம் நம்பர் வால்வு. மறக்க மாட்டேன்."

பணியாளர் பிரிவுக்குப் போகும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு போனேன். யாரையும் அதட்டவில்லை. வராந்தா சுருங்கிக்கொடுத்தது. லீலாவதி மூன்று பதில்களையும் படித்துவிட்டு, கடைசி வரியில் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். நான்கு ஐம்பத்தெட்டுக்கு முத்திரை விழுந்தது. பார்வையாளர் அட்டையைக் கழற்றிக்கொண்டார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அந்த வேறொருவர் டீ கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு வெளியே போய்க்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது எல்லோரும் வணக்கம் வைத்தார்கள். முதல் வணக்கத்தில் நம்பர் போயிற்று. இரண்டாவதில் வால்வு போயிற்று. அதன்பின் எத்தனை வணக்கம் என்று எண்ணவில்லை. ஹால் கதவுக்கு வந்தபோது ஏதோ செய்ய வேண்டும் என்ற பரபரப்பு மட்டும் மிச்சமிருந்தது. அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் தோன்றுமே, அது.

கதவைத் திறந்தேன். தரை காய்ந்திருந்தது.

பதினோரு பேரும் தலை நிமிர்ந்து நின்றார்கள். மோவாயை மேலே தூக்கி, உதட்டை இறுக்கி, கூரையைப் பார்த்தபடி. என்னைப் பார்த்ததும் ஒருவரும் தலை குனியவில்லை. எனக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது.

"எல்லாம் நல்லாருக்கா?"

"நல்லாருக்குதுங்க சார்," என்றார் திருமூர்த்தி, கூரையிடம்.

தனபாக்கியம் ஓர் இரும்பு ஸ்டூலின் மேல் கால் விரல்களை ஊன்றி நின்றாள். இரண்டு கைகளாலும் ஒரு சீட்டைத் தலைக்கு மேலே பிடித்திருந்தாள்.

"என்னம்மா அது?"

"கையெழுத்துக்குங்க."

"மேசைமேல வெச்சுட்டுப் போ. பார்த்துட்டுப் போடறேன்."

அவள் வைக்கவில்லை. பதினோரு வருடத்தில் நான் சொன்ன ஒன்றை அவள் செய்யாமல் இருந்ததில்லை.

"நனைஞ்சிருமுங்க," என்றாள்.

தரையைப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது. மேசையைப் பார்த்தேன். அதுவும் காய்ந்திருந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பிறகு நானும் மோவாயைத் தூக்கிக்கொண்டு, பேனாவை மேலே நீட்டினேன்.