இனி யாரும் தனியே போவதில்லை

ஆகஸ்டில், ஆஸ்திரேலியாவின் குளிர்காலத்தில், எங்கள் பக்கத்தில் விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். பால்பண்ணைகளில் பசுக்கள் கன்று போடும் காலம் அது. அன்றைக்கும் ஐந்து மணிக்கெல்லாம் நான் கூண்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். கையுறைக்குள் விரல்கள் மரத்துப்போயிருந்தன. முற்றத்துக் குழாயில் உறைந்திருந்த தண்ணீரை எங்கள் உதவியாளர் மெர்வ் கொதிநீர் ஊற்றி இளக்கிக்கொண்டிருந்தார். பினாயில் வாடை, ஈர வைக்கோல் வாடை, முந்தின நாள் பிறந்து தாயை இழந்த கன்றுக்குட்டி ஒன்றின் பால் வாடை. பதினெட்டு வருடமாக என் காலைகள் இப்படித்தான் விடிகின்றன. நான் இந்தக் கால்நடை ஆஸ்பத்திரியின் நர்ஸ். பெயர் கோரல்.

ஐந்தரைக்கு இமோஜனின் வண்டி வந்து நின்றது. எங்கள் டாக்டர், வயது இருபத்தொன்பது. பசுவின் வயிற்றில் கால் மடங்கிக் குறுக்கே கிடந்த கன்றை வெளியே இழுத்துவிட்டு வந்திருந்தாள். தோள்வரை சாணமும் ரத்தமும் காய்ந்திருந்தன. கன்றை இழுக்கும் சங்கிலி அழுத்தியதில் உள்ளங்கைகள் வீங்கியிருந்தன. அவளுடைய நாய் பிப், மந்தை மேய்க்கும் கெல்பி இனத்தில் ஒரு மெலிந்த கறுப்பன், அவளுக்கு முன்னால் ஓடிவந்து அடுப்படியில் சுருண்டுகொண்டது.

ரொட்டியை வாட்டி வெண்ணெய் தடவிக் கொடுத்தேன். ஒரு கடி கடித்தாள். நின்ற வாக்கிலேயே கண் மூடிவிட்டது. ரொட்டி கையிலிருந்து நழுவியது. பிப் அதைத் தரையில் விழவிடவில்லை.

"பாத்தீங்களா கோரல், எனக்கு அடிக்கிற தூக்கத்துல இவன் குண்டாயிடுவான்" என்று சிரித்தாள்.

"இது எத்தனாவது நாள்?"

"பதினொண்ணு. எண்ணாதீங்க. எண்ணினாத்தான் வலிக்குது."

ஒரு காலத்தில் இங்கே நான்கு டாக்டர்கள் இருந்தார்கள். சுற்றுவட்டாரப் பால்பண்ணைக்காரர்கள் தாங்களே செங்கல் சுமந்து கட்டிய ஆஸ்பத்திரி இது. உறுப்பினர்கள்தான் இதற்குச் சொந்தக்காரர்கள். மூன்று வருடத்துக்கு முன் அவர்களுடைய கமிட்டி நிர்வாகத்தை மெல்பர்ன் கம்பெனி ஒன்றிடம் ஒப்படைத்தது. இரண்டு டாக்டர்கள் விலகினார்கள். அந்த இடங்கள் அப்படியே காலியாகக் கிடந்தன. மிச்சம் இருந்தவர்கள் கீயோவும் இமோஜனும். அந்த மாதத் தொடக்கத்தில் ஒரு பசு உதைத்து கீயோவின் வலது தோள்மூட்டு இறங்கியது. அன்றிலிருந்து ராப்பகலாக எல்லா அழைப்புக்கும் இமோஜன் மட்டுமே போய்வந்துகொண்டிருந்தாள்.

ஆறு மணிக்குப் பால்பண்ணைக்காரி ஹென்னி வான்டர்சீ போன் செய்தாள். அவளுடைய பசு கன்று போட்டதும் கருப்பையையும் வெளியே தள்ளிவிட்டதாம். அரைமணியில் போகாவிட்டால் பசு பிழைக்காது.

இமோஜன் சாவியை எடுத்தாள். மெர்வ் வாசலில் மறித்து நின்றார். அறுபத்தொரு வயது, கைகள் மரக்கட்டை மாதிரி இருக்கும்.

"குடு, நான் ஓட்டுறேன். நீ பக்கத்துல உக்காந்து தூங்கு."

"டாக்டரைத் தவிர வேற யாரும் ஆஸ்பத்திரி வண்டியைத் தொடக்கூடாதுன்னு கம்பெனி காகிதம் ஒட்டியிருக்கே மெர்வ். உங்களுக்கு ஏற்கெனவே ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தாச்சு. இன்னொண்ணு வந்தா வீட்டுக்குப் போகவேண்டியதுதான்."

மெர்வ் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தார். பிறகு ஒதுங்கி வழிவிட்டார்.

"ஜன்னலைத் திறந்து வச்சுக்க" என்றேன். "குளிர்ல தூக்கம் வராது."

"சரிம்மா" என்றாள் கேலியாக. பிப் அவளுக்கு முன்பே வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தது.

ஏழு மணிக்கு ஹென்னி மறுபடியும் கூப்பிட்டாள். "இன்னும் காணோமே கோரல்? ஈரத்துணியில ஏந்திப் பிடிச்சுக்கிட்டு மண்டிபோட்டு உக்காந்திருக்கேன். கை விட்டுப்போச்சு."

"வந்துகிட்டே இருக்கா ஹென்னி. இப்ப வந்துருவா."

இதை நான் சொன்னபோது இமோஜன் இறந்து அரைமணி நேரம் ஆகியிருந்தது.

ஏழேகாலுக்குப் போலீஸ் வண்டி வந்தது. ரஸ்ஸல் எங்கள் ஊர்க்காரன்தான். தன் கோட்டில் சுற்றி பிப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவன் மணிக்கட்டில் நாய்ப்பல் பதிந்து ரத்தம் கசிந்தது.

"கதவுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு யாரையும் கிட்ட விடல" என்றான். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "வளைவுல வண்டி திரும்பவே இல்ல. பிரேக் போட்ட தடமே இல்ல கோரல். வெள்ளை யூக்கலிப்டஸ் மரத்துல நேரா போய் மோதியிருக்கு. தூங்கிட்டா. அவளுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

வாளியைக் கீழே வைக்க நான் மறந்துவிட்டேன். மெர்வ் வந்து என் கையிலிருந்து அதை வாங்கினார்.

அழ நேரமில்லை. பிப்பின் நாக்கு நீலம் பாரித்திருந்தது. கீயோ வீட்டிலிருந்து சட்டையை உள்புறம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு வந்தார். வலது கை கழுத்தில் மாட்டிய துணித் தூளியில் தொங்கியது. எக்ஸ்ரேவைப் பார்த்தார். "நெஞ்சுக்குள்ள காத்து கட்டியிருக்கு. முன்னங்கால் ரெண்டு இடத்துல போயிருக்கு. கோரல், எனக்கு ஒரு கைதான். உன் கை ரெண்டும் வேணும்."

இடது கை விரலால் விலா எலும்புகளை எண்ணி இடம் காட்டினார். நான் ஊசியைச் செலுத்தினேன். காற்று சீறி வெளியேறியது. நாக்கு மெல்ல மெல்ல ரோஜா நிறத்துக்குத் திரும்பியது. மேலெல்லாம் ரத்தமாக இருந்ததே என்று வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க எங்கும் காயம் இல்லை. அது நாயின் ரத்தம் இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. கீயோ சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. அந்த வலியில் இன்னும் குனிந்தார்.

மெர்வ் தலைமாட்டில் நின்று நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஒரு துண்டுக் காகிதம், கோரல்" என்றார். "ஒரு துண்டுக் காகிதத்துக்கு பயந்து வழிவிட்டேன். சாவியைப் பிடுங்கியிருக்கணும்."

நானும்தான் விட்டேன். ஜன்னலைத் திறக்கச் சொல்லி அனுப்பினேன்.

அவளுடைய அம்மா தாஸ்மேனியாவில் இருந்தார். கீயோதான் போனில் சொன்னார். பிறகு அந்தம்மா, அவளோடு கடைசியாகப் பேசியவளிடம் பேசவேண்டும் என்று கேட்டாராம். போனை வாங்கினேன்.

"கடைசியா என்ன சொன்னா?" என்று கேட்டார்.

"சரிம்மான்னு சொன்னா."

மறுமுனையில் அந்தம்மா அந்த ஒரு சொல்லைத் தனக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பது எனக்குக் கேட்டது.

பிற்பகல் இரண்டு மணிக்கு மெல்பர்னிலிருந்து கம்பெனி மேலாளர் பாஸ்கோ வந்தார். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். சேறு படாத புதுப் பூட்ஸ். கொடியவர் என்று சொல்லமாட்டேன். குரல்கூட நிஜமாகவே கம்மியிருந்தது. ஊழியர்கள் எட்டுப் பேரும் துணி வெளுக்கும் அறையில் கூடினோம். ஆளுக்கொரு காகிதம் கொடுத்தார்.

"விசாரணைக்கு நம்ம தரப்புல ஒரு விவரம் குடுக்கணும். படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க."

கீயோ சத்தமாகப் படித்தார்: "'ஊழியருக்கு ஓய்வு எடுக்கும் வாய்ப்பு எப்போதும் வழங்கப்பட்டிருந்தது.'" காகிதத்தை இறக்கினார். "எப்ப வழங்குனீங்க?"

"களைப்பா இருந்தா சொல்லலாம்னு மார்ச் மாசமே எல்லாருக்கும் கடிதம் போட்டோம்."

"சொன்னோமே" என்றேன். "நானே மூணு தடவை எழுதினேன். 'பரிசீலனையில் உள்ளது'ன்னு மூணு தடவையும் ஒரே பதில்."

"டாக்டர்கள் கிடைக்கிறது கஷ்டம். தேடிக்கிட்டுதான் இருந்தோம்."

"எங்க தேடுனீங்க?" என்றார் கீயோ. "என்கூடப் படிச்சவங்க ரெண்டு பேர் வேலை தேடிக்கிட்டிருந்தாங்க. விளம்பரம் வந்தா சொல்லுங்கடான்னு கேட்டு வச்சிருந்தேன். ஒரு வருஷமா ஒரு வரி விளம்பரம் வரல."

சலவை இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குள் இருந்தவை இமோஜனின் பச்சை உடுப்புகள்; சற்று முன் நான்தான் போட்டிருந்தேன்.

"அவ களைப்பா இருந்தா வண்டியை ஓரங்கட்டியிருக்கலாம்" என்றார் பாஸ்கோ, மெதுவாக.

"ஓரங்கட்டியிருந்தா பசு செத்திருக்கும்" என்றார் மெர்வ். "அந்தப் புள்ளைக்கு அது தெரியும். அது தெரிஞ்சுதானே நீங்க அவளைப் பதினொரு நாள் ஓட்டுனீங்க?"

"நாளைக்கு அழைப்புக்கு யார் போறது? கீயோ, உங்களால முடியுமா?" என்றார் பாஸ்கோ.

கீயோ தூளியில் கிடந்த கையைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் அவரைப் பார்த்தோம். நான் காகிதத்தை மடித்து இயந்திரத்தின் மேல் வைத்தேன். யோசித்து எதையும் செய்யவில்லை. மெர்வ் தன்னுடையதை அதன் மேல் வைத்தார். எட்டுக் காகிதமும் அங்கே சேர்ந்தன.

"கையெழுத்துப் போடமாட்டோம்" என்றேன். "இனிமே யாரும் தனியா ரோட்டுக்குப் போறதில்ல. டாக்டர் போனா கூட ஒருத்தர் போவோம். ஓட்டுறது அந்த ரெண்டாவது ஆள். மூணு நாளைக்கு மேல தொடர்ந்து ஒருத்தரே அழைப்புல இருக்கக்கூடாது. நாலு டாக்டர் வர்ற வரைக்கும் இதுதான். யூனியனுக்கும் சொல்லப்போறோம்."

"கன்று போடுற காலத்துலயா? அப்ப சாகிற பசுவெல்லாம் யார் கணக்கு? உங்க பேர்லதான் வரும்."

குத்தவேண்டிய இடத்தில்தான் பாஸ்கோ குத்தினார். நாங்கள் எல்லோரும் விலங்குகளுக்காக இந்த வேலைக்கு வந்தவர்கள். அறையில் இரண்டு மூன்று பேர் தலை குனிந்தார்கள்.

"ஒண்ணு செத்துருச்சு" என்று வாசலில் ஒரு குரல் கேட்டது.

ஹென்னி நின்றிருந்தாள். ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. முழங்கால்களில் சேறு, முழங்கைவரை கறை. எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

"எட்டு மணிக்குச் செத்துச்சு, என் மடியில. என்னடா டாக்டர் வரலியேன்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்." கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். "என் வீட்டுலருந்து மூணாவது வளைவுல கிடந்திருக்கா. நான் திட்டிக்கிட்டிருந்திருக்கேன்."

நான் அவள் கையைப் பிடித்தேன். உதறவில்லை, இறுக்கிக்கொண்டாள்.

பாஸ்கோ அவளிடம், "உங்க இழப்புக்கு வருந்துறேன்மா. இவங்க கேக்கிறது நடந்தா உங்களுக்குத்தான் நஷ்டம்" என்றார்.

"தம்பி, உங்க கம்பெனிகிட்ட குடுக்கலாம்னு கமிட்டியில கையைத் தூக்கினவங்கள்ல நானும் ஒருத்தி. இந்தக் கைதான்." கறை படிந்த கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "சாகிற பசுவை அவங்க பேர்ல எழுதாதீங்க. என் பேர்ல எழுதுங்க. உறுப்பினர் நூறு பேர் கையெழுத்துப் போட்டா பொதுக்கூட்டம் கூட்டணும்னு விதி இருக்கு. அங்க நிர்வாகத்தைத் திரும்பக் கேப்போம். எனக்கு ஒரு பேனா குடு கோரல்."

கம்பெனிக் காகிதத்தின் பின்பக்கத்திலேயே தன் பெயரை எழுதினாள். பிறகு மெர்வ் பக்கம் திரும்பினாள். "வண்டி ஓட்ட ஆள் இல்லேன்னா பண்ணைக்கு ஒருத்தர் வர்றோம். பாலைக் கறந்துட்டு வந்து உக்காந்துக்கிறோம்."

பாஸ்கோ போகும்போது ஆஸ்பத்திரியின் மிச்சமிருந்த ஒரே வண்டியின் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். இன்ஷூரன்ஸ் இல்லாமல் யாரும் ஓட்டக்கூடாதாம். நாளைக்குக் காலைக்குள் பழைய முறைப்படி வேலைக்கு வராதவர்களின் பெயர் மேலிடத்துக்குப் போகும் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது எங்கள் யார் கண்ணையும் பார்க்கவில்லை.

நான்கு மணிக்கு ஓர் அழைப்பு வந்தது. ஆற்றங்கரைப் பண்ணையில் முதல் கன்று போடும் கிடாரி. கன்றின் தலை மட்டும் வெளியே வந்து நின்றுவிட்டது. கீயோ போனில் சொன்னார்: "ரெண்டு பேரா வர்றோம். கூடக் கொஞ்சம் நேரமாகும். அதுவரைக்கும் அதை எழுந்திருக்க விடாதீங்க."

நானும் கீயோவும் ஹென்னியின் வண்டியில் ஏறினோம். மெர்வ் பிப்பின் கூண்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நாய் கண் விழித்து ஒவ்வொரு கதவுச் சத்தத்துக்கும் தலையைத் தூக்கிக்கொண்டிருந்தது. அதற்கு என்ன சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

ஹென்னி சொன்ன அந்த மூன்றாவது வளைவு வந்ததும் ஹென்னி வேகத்தைக் குறைத்தாள். வெள்ளை மரத்தில் பட்டை உரிந்த இடம் பச்சைப் புண்ணாகத் தெரிந்தது. புல்லில் கண்ணாடித் துகள்கள். கீயோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. வண்டி குலுங்கக் குலுங்க அழுதேன். இருவரும் தடுக்கவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் ஒரு வண்டி விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. பால்பண்ணைக்காரர்களின் சேறு படிந்த வண்டிகள். கறவை நேரத்தில் எவரும் பண்ணையை விட்டு வெளியே வருவதில்லை.

"யாரு இவங்களைக் கூப்பிட்டது?" என்றேன்.

"யாரும் கூப்பிடல. தானா நம்மகூட வர்றாங்க" என்றாள் ஹென்னி. கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே அவர்களுக்கும் தோதாக வண்டியை மெதுவாக ஓட்டினாள்.