பல்வலிக்கு ஒரு செட்

ராஜவேலுக்கு ஆஸ்பத்திரி என்றாலே இளக்காரம். அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டி இருபது வருஷம் ஆகிறது. எந்த ஊர் மருந்துக்கடையில் எந்த நோய்க்கு நல்ல 'செட்' கிடைக்கும் என்பது அவனுக்கு அத்துப்படி. வலியைச் சொன்னால் போதும். கடைக்காரர் நாலு டப்பாவைத் திறந்து, கலருக்கு ஒன்றாக மாத்திரை எடுத்துப் பேப்பரில் மடித்துத் தருவார். சீட்டும் கிடையாது, மாத்திரைக்குப் பேரும் கிடையாது.

மனைவி பூமாலைக்குக் கடைவாய்ப் பல்வலி வந்தது. மக்காச்சோள அறுப்பு நேரத்தில் டாக்டரிடம் போக அவளுக்கு ஏது பொழுது? பாடாலூரில் ஒரு செட் வாங்கி வந்தான், வலி அடங்கவில்லை. பெரம்பலூரில் வேறு கடையில் வேறு செட் வாங்கினான்.

"ரெண்டையும் சேத்துப் போடு. வேற வேற கடை, வேற வேற மருந்து" என்றான், பெரிய மேதாவி மாதிரி.

அவளும் நம்பினாள். வலிக்கிற போதெல்லாம் போட்டுக்கொண்டு நாலு நாள் கதிர் ஒடித்தாள். ஐந்தாம் நாள் வாந்தி எடுத்தாள். "வெறும் வயித்துல போட்டிருப்ப" என்று அதற்கும் அவனே காரணம் சொன்னான். மறுநாள் வாந்தி நின்றதும் நிம்மதியாக லாரி எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவன் நெஞ்சில் கல்தூசிச் சளி. அதற்கு மட்டும் அட்டையோடு ஒரு மாத்திரை வாங்குவான். தண்ணீரில் போட்டால் பொங்கும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். தினமும் பூமாலைதான் மூக்கைச் சுளித்துக்கொண்டு கரைத்துத் தருவாள். ஏழாம் நாள் காலை டம்ளரை நீட்டியவளின் கண்ணைப் பார்த்தான். வெள்ளை விழி மஞ்சளாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வளர்மதி, ரத்தப் பரிசோதனை வந்த பிறகு, அவன் கொண்டுவந்த மிச்ச மாத்திரைகளை மேஜையில் பரப்பினார்.

"வெள்ளை, மஞ்சள், இந்த நீட்டு மாத்திரை, மூணுலயும் இருக்கறது காய்ச்சல் மருந்துதாங்க, பாரசிட்டமால். அளவா போட்டா ஒண்ணும் பண்ணாது. ஈரல் அதை உடைக்கிறப்ப கொஞ்சம் விஷம் உண்டாகும். அதை அடக்க ஈரல்லயே ஒரு சத்து இருக்கு. இவங்களுக்கு அந்த இருப்பு தீந்துபோச்சு. இப்ப விஷம் ஈரலையே தின்னுது."

"மாத்து மருந்து இல்லீங்களா டாக்டரம்மா?"

"இருக்கு, ஏத்தறோம். தீந்த இருப்ப அது நிரப்பும். ஆனா ஈரல் கெடறதுக்கு முன்னாடி குடுத்திருக்கணும்."

நர்ஸ் மருந்துக் குப்பியை உடைத்தார். அழுகிய முட்டை நாற்றம் வந்தது. ராஜவேல் சட்டைப்பையிலிருந்து சளி மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினான்.

"இதுவுங்களா?"

டாக்டர் படித்துவிட்டுச் சற்றுத் தயங்கினார். "இதே மருந்துதான். சளியோட பிடிப்ப அறுத்து நீராக்கும், ஈரலையும் காப்பாத்தும். வீட்ல நீங்களா குடுத்திருக்கலாமேன்னு நெனைக்காதீங்க. வாந்தி எடுத்த அன்னிக்கே இங்க கூட்டியாந்திருக்கணும்."

பின்பாதி அவன் காதில் ஏறவேயில்லை. இத்தனை நாளும் தன் உயிரைக் காக்கும் மருந்தையே அவள் தன் கையால் கரைத்து அவனுக்கு ஊட்டியிருக்கிறாள் என்பதுதான் மனதில் நின்றது. நெஞ்சு வெடித்து அழுதான், அழுகையோடு இருமலும் வந்தது.

பூமாலை லேசாகக் கண் திறந்தாள். "மாத்திர கரைச்சுக் குடிச்சீங்களா? நெஞ்சு கத்துது பாருங்க."

"குடிச்சேன்" என்று பொய் சொன்னான். அதற்கு மூன்றாம் நாள் அவள் போய்விட்டாள்.

அவளைச் சுடுகாட்டுக்கு எடுத்து முடித்துத் திரும்பிய சாயங்காலம், அழுதழுது தலை பிளக்கிறது என்று சுவரில் சாய்ந்திருந்தாள் மகள் கீதாஞ்சலி. பூமாலையின் தம்பி நல்லதம்பி ஒரு பேப்பர் மடிப்போடு வந்தான்.

"தலவலிக்கு ஒரு செட் வாங்கியாந்தேன் பாப்பா. போட்டுட்டுப் படு."

கீதாஞ்சலி பிரித்தாள். வெள்ளை, மஞ்சள், ஒரு நீட்டு மாத்திரை. ராஜவேல் பாய்ந்து அவள் கையைத் தட்டிவிட்டான். மாத்திரைகள் வாசலெல்லாம் சிதறின. பொண்டாட்டி போன துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று கூட்டம் அவனைப் பிடித்து உட்காரவைக்கப் பார்த்தது. இருமலுக்கு நடுவே நல்லதம்பியின் சட்டையைப் பிடித்து உலுக்கினான்.

"அதுக்குப் பேரு என்னடா? பேரச் சொல்லிட்டு என் பொண்ணுக்குக் குடுடா!"