கிடுக்கிப்பிடி

தம்பி மனைவி கடித்த கடியில் மணிக்கட்டின் தோல் கிழிந்து ரத்தம் போர்வையில் சொட்டியது.

"விடுடி!" என்று அலறினாள் தலைமை நர்ஸ்.

விட்டவள் வாயைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை என் மேல கை வச்சீங்க, விரலையே துண்டாக்கிடுவேன் அண்ணி" என்றாள்.

நாத்தனார் கையைக் கடிக்கும் ஆசை எந்த வீட்டில்தான் இல்லை. நிறைவேற்றிக்கொண்டவள் இவள் ஒருத்திதான். பிரசவ வார்டில் அந்த நர்ஸுக்குக் கிடுக்கி என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான், நேரில் சொல்லும் துணிச்சல் டாக்டர்களுக்கே கிடையாது. ஒரு கையால் தாயின் மார்பைப் பிதுக்கி, மறு கையால் பிள்ளையின் பிடரியைப் பிடித்து, இரண்டையும் மோதவைப்பாள். அழுதால், "பெத்தப்ப தாங்கின வலிதானே, இதுக்கென்ன அழுகை?" என்பாள். இந்தப் பிள்ளையோ நேற்றிலிருந்து மார்பைக் கண்டாலே வில்லாக வளைந்து வீறிட்டது. சாயங்காலத்துக்குள் குடிக்காவிட்டால் தனி அறைக்குக் கொண்டுபோய் மூக்கில் குழாய் போடுவோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தம்பியின் முதல் பிள்ளை. பயம் ஏற ஏறக் கிடுக்கியின் கை இன்னும் முரடாயிற்று.

மத்தியானம் பயிற்சி. பால் கொடுக்கும் தாய்க்கு எப்படி உதவுவது என்று நர்ஸுகளுக்குச் சொல்லித்தர வெளியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். எனக்கே பாடமா என்ற முகத்தோடு, மணிக்கட்டில் கட்டோடு, கிடுக்கி முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

பயிற்சிக்காரி மேசையில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்தாள். "யாராவது ஒருத்தர் குழந்தையா நடிக்க வாங்க."

"அக்காவைக் கூப்பிடுங்க!" என்றது பின்வரிசை. சிரிப்பு. கிடுக்கி வீம்புக்கு எழுந்து போனாள். இளைய நர்ஸ் ஒருத்தியிடம், "இவங்க பிடரியில கை வச்சு டம்ளர் பக்கம் தள்ளுங்க, மெதுவா" என்றாள் பயிற்சிக்காரி.

'மெதுவா' யார் காதில் விழுந்தது? அந்த இளையவள் கிடுக்கியிடம் வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல. பிடரியில் விரல்கள் இறங்கின. தாடை நெஞ்சில் முட்டியது, டம்ளர் விளிம்பு உதட்டைக் கிழித்துப் பல்லில் இடித்தது, மூக்கில் தண்ணீர் ஏறியது. மூச்சு இல்லை. தலை தானாகப் பின்னால் எகிறியது. எகிற எகிற அந்தக் கை அழுத்தியது. முழங்கையை வீசியது அவளுக்கே தெரியாது. நாற்காலி சரிந்தது. இளையவள் மூக்கில் ரத்தத்தோடு தரையில் கிடந்தாள், அவள் கொண்டை கிடுக்கியின் பிடியில் இருந்தது. நாலு பேர் சேர்ந்து பிரித்தார்கள்.

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்" என்று யாரோ முணுமுணுத்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

பயிற்சிக்காரி வெளிறிப்போயிருந்தாள். "பிடரியைத் தள்ளினா எந்தக் குழந்தையும் இப்படித்தான் எகிறும். அம்மாவைச் சாய்ச்சுப் படுக்க வச்சு, நெஞ்சு மேல குழந்தையைப் போட்டுட்டு நாம சும்மா இருக்கணும். அதுவா தேடும்."

சாயங்காலம் கிடுக்கி வீங்கிய உதட்டோடு வார்டுக்குள் போனாள். தம்பி மனைவி பிள்ளையை ஒரு கையால் அணைத்து, மறு கையால் பிளாஸ்கைத் தூக்கினாள்.

"கிட்ட வந்தா மண்டையை உடைச்சிடுவேன்."

"உடை. ஆனா சாஞ்சு படுத்துக்கோ. பிள்ளையை நெஞ்சு மேல போட்டுக்கோ. நான் தொட மாட்டேன்."

"உங்களை நம்பவா?"

கிடுக்கி முக்காலியை இழுத்துப்போட்டு, இரண்டு கையையும் தொடைக்கடியில் திணித்து உட்கார்ந்தாள். வெகுநேரம் முறைத்துவிட்டு மற்றவள் மெல்லச் சாய்ந்தாள், பிளாஸ்கை விடாமல். பிள்ளை அசையாமல் கிடந்தது. பிறகு தலையைத் தூக்கியது, பொத்தென்று விழுந்தது, பக்கவாட்டில் நகர்ந்து, தவறவிட்டு வீறிட்டது. ஒரே அழுத்து அழுத்தினால் போதும் என்று கிடுக்கியின் கைகள் துடித்தன. உடம்பின் பாரத்தையெல்லாம் அவற்றின் மேல் போட்டாள். வெளியே, பிள்ளையைக் கொண்டுபோகும் தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டு வந்தது.

"அண்ணி..." என்றாள் தம்பி மனைவி. மிரட்டலா, கெஞ்சலா, புரியவில்லை.

கடிபட்ட இடம் பிளந்து கட்டு நனைந்தது. கிடுக்கி தொடைக்கடியிலிருந்து கையை எடுக்கவில்லை. பிள்ளை மறுபடி தலையைத் தூக்கியது, வாயை அகலத் திறந்தபடி.