மேல்பல்

குழந்தை கடித்தது. முனிலட்சுமி முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டாள். கத்தல் துணிக்குள் அடங்கியது. கண்ணில் நீர் கட்டி நின்றது. கை மட்டும் குழந்தையின் தலையை விடவில்லை.

மூன்றடி தள்ளி அவளுடைய தாய் ஜோதியம்மாள் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நின்றது.

"என்னாடி?"

"ஒண்ணுமில்லம்மா. எறும்பு."

"பால் குடுக்கற எடத்துல எறும்பா? துணிய ஒதறிப் போட்டு ஒக்காரக் கூடாதா?"

"ஒதறறேன்."

முறம் மறுபடி ஆடத் தொடங்கியது. ஜூஜுவாடி லைன் வீடுகளுக்குப் பின்னால், அத்திப்பள்ளிப் பக்கம் போகும் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஹாரன் அடித்தன. அந்தச் சத்தத்தில் அவள் இன்னொரு முறை மூச்சை இழுத்து விட்டுக்கொண்டாள்.

அது 1987ஆம் வருஷத்தின் ஒரு வெள்ளிக்கிழமை. குழந்தைக்குப் பல் முளைத்து எட்டாவது நாள். முனிலட்சுமியைத் தவிர வீட்டில் யாருக்கும் அது தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காது குத்து. அவளுடைய தம்பி ஆஞ்சப்பன் பர்கூரிலிருந்து வருவான். தாய்மாமனான அவன் மடியில் உட்காரவைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்த வேண்டும்.

முளைத்திருந்தவை இரண்டும் மேல்பற்கள். கீழ் ஈறு வெறுமையாக இருந்தது.

மேல்பல் முதலில் முளைத்த குழந்தை தாய்மாமனுக்கு ஆகாது என்பது அங்கே பலருடைய நம்பிக்கை. தமிழ் பேசுகிறவர்களும் கன்னடம் பேசுகிறவர்களும் தெலுங்கு பேசுகிறவர்களும் எத்தனையோ விஷயத்தில் சண்டை போட்டார்கள். இந்த ஒன்றில் ஒத்துப்போனார்கள். ஜோதியம்மாளின் குடும்ப வழக்கப்படி, அப்படிப்பட்ட குழந்தையை மாமன் நேரே பார்க்கக் கூடாது. கிண்ணத்து எண்ணெயில் விழும் முகத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பிறகு கொஞ்சம் தவிட்டுக்கு விற்பதுபோலக் குழந்தையை வேறொருத்தியிடம் கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டும். இவ்வளவு செய்தாலும் கெட்ட பெயர் போகாது.

போகாது என்பதற்கு முனிலட்சுமியே சாட்சி. அவளுக்கும் மேல்பல்தான் முதலில் வந்ததாம். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது தாய்மாமன் முனிசாமி கிணறு வெட்டும் இடத்தில் வெடி வெடித்துச் செத்துப்போனார். அன்றிலிருந்து அவள் மாமனைத் தின்றவள். கல்யாண வீடுகளில் ஆரத்தித் தட்டு அவள் கைக்கு வந்ததில்லை. ஆஞ்சப்பன் கல் குவாரி வேலைக்குக் கிளம்பும்போது எதிரே வராதே என்று அவளைப் பின்கட்டுக்கு அனுப்புவார்கள். இருபத்திரண்டு வயதுக்குள் அது பழகிவிட்டது. பழகிவிட்டது என்பது சரியில்லை. யாரும் சொல்வதற்கு முன்பே அவளே எழுந்து பின்கட்டுக்குப் போகக் கற்றுக்கொண்டிருந்தாள்.

முனிசாமிக்குப் போட்டோ கிடையாது. அதனால் அவள் கனவில் அவருக்கு முகமும் கிடையாது. ஈரமண் ஒட்டிய இரண்டு கால்கள் மட்டும் வரும். குழந்தைக்குப் பல் வந்த நாளிலிருந்து அந்தக் கால்கள் பகலிலும் வந்தன. ஒவ்வொரு கடிக்கும் வாசற்படியில் அவை தெரிந்தன. அவளுக்கு அது பயம்தானா என்று சொல்ல முடியாது. செய்த ஞாபகமே இல்லாத ஒரு குற்றத்துக்காக, செத்தவர் முன்னால் நிற்கும் கூச்சம் அது.

அவளுடைய கணக்கு எளிமையானது. ஞாயிறுக்குள் கீழ்ப்பல்லும் வெளியே வந்துவிட்டால் எது முதலில் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அதுவரை கத்தக் கூடாது. கத்தினால் பல் வந்த செய்தி வெளியே போய்விடும்.

அன்று மதியம் குழாயடியில் பக்கத்து வீட்டுத் தாஹிரா அவளை உற்றுப் பார்த்தாள். தாஹிராவின் கணவன் நசருல்லா நெடுஞ்சாலையில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவன். மூன்று பிள்ளை பெற்றவள்.

"லட்சுமி, ரவிக்கைல என்னா கறை?"

"பீட்ரூட் நறுக்கினேன்கா."

"நெஞ்சுமேல வச்சா நறுக்குனே? வா இப்டி."

தன் வீட்டுக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். முலைக்காம்பின் மேல்பக்கம் பிளந்து, ஓரம் வெளுத்து, நடுவில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. தாஹிரா உச்சுக் கொட்டவில்லை.

"எத்தினி பல்லு?"

முனிலட்சுமி இரண்டு விரல் காட்டினாள். பிறகு ஒரு விரலால் மேலே காட்டினாள்.

"சரி. கடிக்கறப்போ வெடுக்குனு இழுக்காதே, இன்னும் கிழியும். நெஞ்சோட கொஞ்சம் அணைச்சுக்கோ, அதுவா வாயத் தொறக்கும். இல்லன்னா வாயோரத்துல சுண்டு விரலை உடு. பால் குடுக்கறதுக்கு முன்னாடி ஈரத்துணியால ஈறைத் தேய்ச்சு உடு, நமைச்சல் அடங்கும். குடிச்சு முடிச்சதும் உன் பாலையே ரெண்டு சொட்டு புண்ணுல தடவிக் காத்தாட உடு. அப்புறம் முக்கியமா, கத்து."

"கத்தறதா?"

"பின்ன? எங்க மூணாவதுக்கு மேல்பல்லுதான் மொதல்ல. அதோட மாமு துபாய்ல இருக்கான். போன மாசம் தொப்பையோட போட்டோ அனுப்பினான். சாவற மாதிரி ஒண்ணும் தெரியல."

முனிலட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபோது மார்பு இன்னும் வலித்தது.

"உங்களுக்கு அது கெடையாதுக்கா. எங்களுக்கு உண்டு."

"எந்த ஊட்டு வாயில மொளைக்கறோம்னு பல்லுக்கு எப்படிடி தெரியும்?"

முனிலட்சுமி ரவிக்கையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

சனிக்கிழமை காலை அவளுக்குக் காய்ச்சல். புண் இருந்த பக்கம் கொடுக்கப் பயந்து பயந்து, பால் கட்டி மார்பு கல்லாகியிருந்தது. ஜோதியம்மாள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"நெருப்பா கொதிக்குது. காட்டுடி."

"வேணாம்மா."

"பெத்தவகிட்ட என்னா வெட்கம்?"

பார்த்தாள். "அய்யோ, இப்டிப் புண்ணாக்கி வச்சிருக்கியே" என்று வெந்நீரில் துணி நனைத்துப் பிழிந்தாள். துணியை மார்பில் வைக்கப் போன கை பாதியில் நின்றது. கீழே போட்டுவிட்டுக் குழந்தையிடம் போனாள். அதன் வாய்க்குள் விரலை விட்டாள். விரல் மேலே நின்றது. கீழே போய்த் தேடியது. திரும்பவும் மேலே வந்தது.

"எத்தினி நாளு?"

"ஒம்போது."

"ஒம்போது நாளா மறைச்சியா? நாளைக்கு அவன் வர்றான்டி. பாறைக்கு வெடி வெக்கறவன்டி! என் தம்பிய ஒருத்தி முழுங்கினது போதாதா? எம் புள்ளையும்..."

பாதியில் நிறுத்தினாள். ஆனால் சொன்னது சொன்னதுதான். முனிலட்சுமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காய்ச்சலில் அவள் குரல் தணிந்து வந்தது.

"அம்மா, நான் உன்னைக் கடிச்சிருப்பேனே."

"என்னா?"

"எனக்குப் பல்லு வந்தப்போ. வலிச்சிருக்குமே. இது கடிச்சு எனக்கு மேல்பக்கம் மட்டுந்தான் கிழிஞ்சிருக்குது, பாரு. உனக்கு எந்தப் பக்கம் வலிச்சுது?"

ஜோதியம்மாளின் கை தானாக எழுந்தது. சேலைக்கு மேலே இடது மார்பின் அடியில் போய் விரல்கள் அழுந்தின. இருபத்தொரு வருஷத்துக்குப் பிறகும் உடம்பு அந்த இடத்தை மறக்கவில்லை. கை எங்கே நிற்கிறது என்பதை இருவரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள்.

"கீழயா?"

ஜோதியம்மாள் தலையசைத்தாள்.

"கீழதான். உனக்குக் கீழ்ப்பல்லுதான் மொதல்ல." அவள் தரையைப் பார்த்துப் பேசினாள். "எந்தம்பி பொணத்த வாசல்ல போட்டிருந்தாங்க. அந்தக் கெணத்து வேலைக்குப் போடான்னு அவனை அனுப்பினவளே நானு. எங்கம்மா என் மயிரைப் புடிச்சுக்கினு, 'நீதான்டி அனுப்பினே'ன்னு ஆட்டறா. அப்போ எவளோ, 'கொழந்தைக்கு எந்தப் பல்லு மொதல்ல?'ன்னு கேட்டா. அதுக்குள்ள உனக்கு மேல ரெண்டு, கீழ ரெண்டு வந்துருச்சு. எது மொதல்லன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். இன்னொருத்தி, 'மேல்பல்லுதான், நான் பாத்தேன்'னா. எங்கம்மா என் மயிரை உட்டுட்டா."

"நீ என்னா சொன்னே?"

"சும்மா இருந்தேன்."

முனிலட்சுமி வாசற்படியைப் பார்த்தாள். ஈரமண் ஒட்டிய கால்கள் அங்கேதான் இருந்தன. ஆனால் இந்த முறை அவை அவளைப் பார்த்து நிற்கவில்லை. தாயைப் பார்த்து நின்றன.

"அப்போ எல்லாம் பொய்தானே. நாளைக்கு ஆஞ்சப்பன் மடியில ஒக்கார வெக்கலாம்."

"அது பொய்யி." ஜோதியம்மாள் குழந்தையின் வாயைப் பார்த்தாள். "இது நெசமா இருந்துட்டா?"

 முனிலட்சுமி கீழே கிடந்த துணியை எடுத்து வெந்நீரில் நனைத்துத் தானே மார்பில் ஒற்றிக்கொண்டாள். தாஹிரா சொன்னபடி குழந்தையின் ஈறை ஈரத்துணியால் தேய்த்துவிட்டு, கட்டியிருந்த பக்கத்தையே முதலில் கொடுக்கத் தொடங்கினாள். குழந்தை கடித்தபோது கத்தினாள். நாலு வீட்டுக்குக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை காய்ச்சல் தணிந்திருந்தது. ஓசூரிலிருந்து ஆசாரி வந்து ஊசியும் கம்பியும் எடுத்து வைத்தார். முனிலட்சுமியின் கணவன் சின்னராஜ் இரவு ஷிப்ட் முடித்த சிவந்த கண்களோடு பாய் விரித்தான். தாஹிரா பிள்ளைகளோடு ஓரமாக நின்றாள். ஆஞ்சப்பன் பழத்தட்டும் புதுக் கவுனும் ஏந்தி வாசலுக்கு வந்தான். இருபது வயது. மீசை இப்போதுதான் தடித்திருந்தது.

ஜோதியம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தோடு அவனை மறித்தாள். "உள்ள வராதே கண்ணு. மேல்பல்லு."

கழற்றிய ஒரு செருப்பை அவன் மறுபடி போட்டுக்கொண்டான்.

"அக்கா, நெசமா?"

"நெசந்தான். ரெண்டும் மேல. நேரா வந்து பாரு, இல்லன்னா போ. எண்ணெயில காட்ட மாட்டேன்."

"மச்சான், வாப்பா உள்ள" என்றான் சின்னராஜ். சொல்லிவிட்டு மாமியாரின் முகத்தைப் பார்த்து அடங்கினான்.

ஆஞ்சப்பன் தாயைக் கேட்டான்: "அக்காளுக்கும் அப்டித்தானே வந்துச்சு? மாமன் போனாருல்ல?"

எல்லோரும் ஜோதியம்மாளைப் பார்த்தார்கள். கிண்ணத்தில் எண்ணெய் தளும்பியது.

"ஆமா" என்றாள் அவள். "அவளுக்கும் மேலதான்."

முனிலட்சுமி அதைக் கேட்டாள். ஒரு வார்த்தையில் உடைத்திருக்கலாம். உடைக்கவில்லை.

"நாளைக்குப் பெரிய வெடி இருக்குதுக்கா" என்றான் ஆஞ்சப்பன், வேண்டிக்கொள்வது போல. "பழைய திரி. நின்னு நின்னு எரியுது. மேஸ்திரிகிட்ட சொல்லியாச்சு, மாத்தல."

"திரிய மாத்தலன்னா வேலைக்கு எறங்க மாட்டேன்னு நில்லுடா. எம் பொண்ணு பல்லை மாத்த முடியாது."

அவன் வாசலிலேயே நின்றான்.

"நேரம் போவுதம்மா" என்றார் ஆசாரி. "மாமன் மடி?"

முனிலட்சுமி மாமனுக்குப் போட்டிருந்த பலகையில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டாள். "இதுதான் மடி. குத்துங்க."

ஆசாரி ஜோதியம்மாளைப் பார்த்தார்.

"அங்க என்னா பாக்கறீங்க? பெத்தவ சொல்றேன்" என்றாள் முனிலட்சுமி.

ஊசி இறங்கியது. குழந்தை வாயைப் பிளந்து அலறியது. அரிசி நொய் மாதிரி இரண்டு பற்கள் எல்லோர் கண்ணிலும் பட்டன. ஜோதியம்மாள் ஓடிவந்து முந்தானையால் அதன் வாயை மூடப் போனாள். முனிலட்சுமி அந்தக் கையைப் பிடித்து விலக்கினாள். தாய்க்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"நீ சும்மா இருந்தே. நான் இருக்க மாட்டேன்."

அடுத்த காதுக்காகக் குழந்தையைத் திருப்ப வேண்டியிருந்தது. சுவர்ப் பக்கமாகவும் திருப்பியிருக்கலாம். அவள் வாசல் பக்கமாகத் திருப்பிப் பிடித்தாள்.

தினமும் பாறைக்குத் திரி கொளுத்துகிறவன், பழத்தட்டைத் தரையில் வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு வெயிலில் நின்றான்.