பத்து மணிக்குக் கூடு

கூழ்ப் பானையை உதைத்துக் கவிழ்க்கும்போதுகூட கோவர்த்தனன் வேட்டி நுனியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டார். நாகரிகம் தெரிந்த மனிதர். 'எல்லைக் காவலர்' என்று அவருக்குப் பட்டம். அவர் தலைவராக இருக்கும் சங்கம் ஏகமனதாக அவருக்கே கொடுத்தது.

"சித்தூர் தமிழருக்கா தெலுங்கருக்கா என்று எல்லை விசாரிக்க ஞாயிறன்று தில்லியிலிருந்து அதிகாரி வருகிறார். சித்தூர்த் தமிழன் கையேந்தி நிற்பதை அவர் பார்க்கலாமா? இனத்தின் மானம் என்னாவது?" என்று செல்லியம்மாவைக் கேட்டுவிட்டுப் போனார்.

செல்லியம்மா ஆறு வருஷமாக ரயிலடியில் மத்தியானக் கூழ் ஊற்றுகிறவள். விடிந்ததும் வீடு வீடாகப் போய்க் கேழ்வரகு மாவு வாங்கிவருவாள். அன்று அறுபது பேர் வெறும் வயிற்றோடு நின்று, மண்ணில் ஓடிய கூழைப் பார்த்தார்கள். ஒருத்தி அதை வழித்தெடுக்கக் கை நீட்டினாள். செல்லியம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த ஆளு கையாலயே உங்களுக்கெல்லாம் துன்னக் குடுக்க வெக்கிறேன் பாரு" என்றாள். எப்படி என்று அவளுக்கே தெரியாது.

வழியைக் கோவர்த்தனனே காட்டினார். வியாழக்கிழமை ஒலிபெருக்கி கட்டிய ஜட்கா ஊரைச் சுற்றியது. "தமிழா, கூடு! ஞாயிறு பத்து மணிக்கு மைதானத்தில் கூடு! குடும்பத்தோடு கூடு!" மூன்று நாள் யோசித்து அவரே எழுதிய வாசகம்.

கூழுக்கு வருகிறவர்களில் கால் விளங்காத நாகையா தெலுங்குக்காரன். தெலுங்கில் கூடு என்றால் சோறு. அவன் அவளிடம் நகர்ந்து வந்தான்.

"ஏம்மா, பெரியவரு கூடு போடறாராமே? குடும்பத்தோட வரச் சொல்றாராமே? நெஜமா?"

அர்த்தம் சொல்ல வாயைத் திறந்தவள், அப்படியே மூடிக்கொண்டாள். உள்ளே ஏதோ இனித்தது.

"நெஜந்தான் நைனா. மைக்கு வெச்சி பொய் சொல்வாங்களா? திருப்பதியில மலையடிவாரத்துல உங்க ஆளுங்க எத்தினி பேரு பட்டினியா கெடக்கறாங்க! பாசஞ்சர்ல போயி சொல்லிட்டு வா."

ஞாயிறன்று திருப்பதிப் பாசஞ்சர் வந்து நின்றதும் மைதானம் வழிந்தது. பாதிப் பேர் கையில் தட்டு, மீதிப் பேர் கையில் இலை. தட்டுகளைக் கண்ட கோவர்த்தனன், தாளம் போடக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நெகிழ்ந்துபோனார்.

"தமிழர் வெள்ளம்!" என்று அதிகாரியிடம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, மைக்கைப் பிடித்து முழங்கினார்: "கூடு!"

"கூடு!" என்றது கூட்டம்.

"கூடு!"

"கூடு! கூடு!"

மூன்றாவது தடவைக்கு அவருக்காக யாரும் காத்திருக்கவில்லை. "கூடு எக்கட?" என்று தட்டுகள் அதிர்ந்தன. மொழிபெயர்ப்பாளர் அதிகாரியின் காதைக் கடித்தார்.

"சோறு கேட்கிறார்களாம். நீங்கள் போடுவதாகச் சொன்னீர்களாமே?" என்றார் அதிகாரி.

செல்லியம்மா மேடைக்குக் கீழே வந்து நின்றாள். "ஆமா சாமி! இன்னிக்கி மட்டும் இல்ல, தெனிக்கும் இவுருதான் போடப்போறாரு. நான் ஊத்திக்கினு இருந்த கூழைக்கூட வேணாம்னு நிறுத்திட்டாரு. அவ்ளோ மனசு!"

மறுக்கலாம். மறுத்தால் தமிழர் வெள்ளம் ரயிலேறிப் போய்விடும். கோவர்த்தனன் கைகூப்பினார். "எளியேனின் சிறு தொண்டு."

அதிகாரி அதை நோட்டில் எழுதிக்கொண்டார். இன்னும் பத்து நாள் சித்தூரில்தான் தங்கப்போவதாகவும், தினமும் மத்தியானம் வந்து பார்ப்பதாகவும் சொல்லிக் கை குலுக்கிவிட்டு, பந்தியைப் பார்க்க உட்கார்ந்தார்.

பிரமுகர்களுக்காகப் பந்தலுக்குப் பின்னால் மூடிவைத்திருந்த புளியோதரையும் வடையும் வெளியே வந்தன. பிரமுகர்கள் வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். கோவர்த்தனன் கரண்டியோடு வரிசை வரிசையாக நடந்தார். நாகையா மூன்று தடவை கேட்டு வாங்கினான்.

கடைசியில் செல்லியம்மா. மற்றவர்கள் தட்டையோ இலையையோ நீட்டினார்கள். அவள் இலையைத் தரையில் விரித்தாள்.

"கையில பிடியேன்" என்று பல்லுக்குள் சொன்னார்.

"அதிகாரி பாத்துக்கினு இருக்காரு. குனிஞ்சி போடுங்க."

குனிந்தார். ஒரு கரண்டி விழுந்தது. நிமிரப் போனார்.

"இன்னங் கொஞ்சம்" என்றாள்.