மேடையேறிய தாரிகா

ஸீனத் மார்பகப் புற்றுநோய்ப் பிரிவில் தாதி. அவளுக்குச் சம்பளம் கொடுத்துவந்த தொண்டு நிறுவனம் பணத்தட்டுப்பாட்டில் இருந்தது; நிதி திரட்டும் விருந்தில் பேச ஒரு நோயாளியை அழைத்து வரச் சொன்னது.

ஸீனத்தின் நோயாளிகளில், வெள்ளவத்தையில் டியூஷன் நடத்தும் தாரிகா தன் நோயை வெளியில் சொல்லாதவள். ஸீனத் அவளைத்தான் கேட்டாள்.

“நீங்க கேட்டா மாட்டன் எண்டு சொல்லேலுமா, மிஸ்?” என்றாள் தாரிகா.

மேடையில் பேசும்போது, முன்வரிசையில் தன் மாணவி ஒருத்தியின் பெற்றோரைக் கண்டதும் அவள் குரல் உடைந்தது. சபை உருகிப்போய் அள்ளிக் கொடுத்தது.

அடுத்த கிளினிக்கில் தாரிகா வெளியே வாங்குப் பலகையிலேயே இருந்தாள். ஸீனத் போய் உள்ளே கூப்பிட்டாள்.

“கோபமில்லை, மிஸ். வேற மிஸ்ஸிட்டக் காட்டுறன். உங்களிட்ட இனி மனம்விட்டுக் கதைக்கேலாது.”

ஸீனத் அவளுடைய ஃபைலை மற்றத் தாதியின் மேசையில் வைத்தாள். ஸீனத்தின் வேலை அந்த விருந்தினால்தான் தப்பியிருந்தது.